பேக்கன் போட்ட மிளகுத்தண்ணி

ஷேர்லொக் ஹோம்ஸ் ஒரு தடவை திருக்கோணமலைக்கு வந்து போயிருக்கிறார். கதையில்தான். 1891 யூலை 'ஸ்ட்ராண்ட்' சஞ்சிகையில் வந்த சிறுகதையில், கலியாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போய்விட்ட வொட்சன், நண்பரைப் பற்றிக் காதில் விழுந்த சங்கதிகளை அடுக்குகிறார். ஒடெசாவில் ஒரு கொலை. ஒல்லாந்து அரச குடும்பத்துக்காக ஒரு இரகசிய வேலை. இரண்டுக்கும் நடுவில், திருக்கோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரம். அவ்வளவுதான், அரை வரி. அந்தச் சகோதரர்கள் யார், கடலில் செத்தார்களா கோட்டைக்குள் செத்தார்களா, ஒரு விபரமும் கிடையாது. கொனன் டொயில் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

ஊர்க்காரர் இதை வாசித்தால் கொஞ்சம் நெஞ்சு நிமிரும், நியாயம்தான். ஆனால் அந்த அரை வரிக்குள் கோணேசர் மலையும் இல்லை, உட்துறைமுகமும் இல்லை. தூரத்தைக் காட்ட ஒரு ஓசை தேவைப்பட்டது, நமது ஊரின் பெயர் வாய்க்கு நன்றாக இருந்தது. ஆறு பென்ஸ் கொடுத்துச் சஞ்சிகை வாங்கிய லண்டன் குமாஸ்தாவுக்கு அந்தப் பெயர் பத்திரிகையில் கடற்படைச் செய்திகளின் ஓரத்தில் அடிக்கடி கண்ணில் பட்டது. எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேரரசு பிரித்தானியச் சாதாரண சனத்தின் சாப்பாட்டு மேசைக்கும் அலுமாரிக்கும் விளையாட்டுப் பெட்டிக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால், பெரும்பாலும் இப்படித்தான். அசல் விலை கூடியது, தூரத்தில் இருப்பது, சிலவேளை கப்பலில் வரும்போதே பழுதாகிப் போவது. அதை மலிவாக நகலெடுக்க யாராவது ஒரு வழி கண்டுபிடித்த பிறகுதான் அது தெருவுக்கு இறங்கும். நகலெடுக்கும்போது எதை விட்டார்கள், எதைக் கூட்டினார்கள் என்று பார்த்தால் அந்தக் காலத்துச் சனத்துக்கு என்ன தேவைப்பட்டது என்பது தெரியும். அந்த இடங்களைத்தான் இங்கே தேடிப் பார்க்கிறேன்.

மிளகுத்தண்ணியில் தொடங்கலாம். ஆங்கில அகராதிக்குள் போன தமிழ்ச் சொற்களில் கட்டுமரம் பிழைத்துக்கொண்டது, சுருட்டும் பிழைத்துக்கொண்டது. 1887இல் ஹோம்ஸ் சாம்பலை வைத்தே திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லும் அளவுக்குச் சுருட்டுக்கு மரியாதை கிடைத்தது. மிளகுத்தண்ணிதான் பாவம். 1861இல் இசபெல்லா பீற்றன் வெளியிட்ட வீட்டுப் பராமரிப்பு நூல், நடுத்தர வர்க்கத்து வீடுகளில் வேதப்புத்தகம்போல் இருந்தது. அதில் மிளகுத்தண்ணிக்குக் கேட்கப்படுபவை: கறித்தூள் 2 மேசைக்கரண்டி, வெங்காயம் 6, உள்ளி ஒரேயொரு பல்லு, அரைத்த வாதுமைப் பருப்பு 1 அவுன்ஸ், கோழி அல்லது முயல் ஒன்று, அதோடு கொழுப்பில்லாத பேக்கன் 4 துண்டு. மிளகு என்று தனியாக ஒன்றைக் காணவில்லை. புளி இல்லை. தடிமன் பிடித்தவருக்குக் கொடுக்கிற தண்ணிப் பதமான இரசம், கோழியும் பன்றி இறைச்சியும் மிதக்கிற தடித்த சூப்பாகிவிட்டது.

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆங்கிலேயச் சாப்பாட்டு வரிசையில் முதலில் சூப் வரவேண்டும். சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கொம்பனிக்காரரின் சமையல்காரர் அந்த இடத்தை நிரப்பத் தங்களிடம் இருந்த இரசத்தை நீட்டினார்கள். சூப் என்றால் இறைச்சிச் சாறு இருக்கவேண்டும் என்பதால் இறைச்சி சேர்ந்தது. மிளகுதான் இதில் உண்மையாகத் தோற்றது. மிளகை இடித்துக் கடைசியில் போட்டு ஒரு கொதியோடு இறக்கினால்தான் மணம் நிற்கும். இறைச்சி வேகும் வரை மணிக்கணக்கில் கொதித்தால் மணம் ஆவியோடு போய், உறைப்பு மட்டும் அடியில் தங்கும்.

அந்த 2 கரண்டிக் கறித்தூளுக்குள் என்ன இருந்தது? 1817இல் வில்லியம் கிச்சினர் தன் சமையல் நூலில் ஒரு கணக்குக் கொடுக்கிறார். மல்லி 3 அவுன்ஸ், மஞ்சள் 3 அவுன்ஸ், மிளகு, கடுகு, இஞ்சி ஒவ்வொன்றும் 1 அவுன்ஸ், ஓல்ஸ்பைஸ் என்கிற மேற்கிந்தியத் தீவு மிளகும் ஏலக்காயும் அரை அவுன்ஸ்படி, சீரகம் கால் அவுன்ஸ். எல்லாவற்றையும் இரவு முழுக்கச் சூடு குறைந்த வெதுப்பியில் வைத்து, காலையில் பளிங்கு உரலில் இடித்து, பட்டுத்துணி அரிதட்டால் அரிக்கவேண்டும். மொத்தம் பத்தேகால் அவுன்ஸ், கிட்டத்தட்ட 290 கிராம். அதில் 85 கிராம் மஞ்சள். நூற்றுக்கு இருபத்தொன்பது!

திருமலையில் யாராவது ஒரு கிலோ செத்தல் மிளகாயும் ஒரு கிலோ மல்லியும் வறுத்து மில்லுக்குக் கொண்டுபோனால் மஞ்சள் ஒரு கைப்பிடிக்கு மேல் போகாது. கிச்சினரின் கணக்கில் கறி வைத்தால் மண் வாசம்தான் முன்னுக்கு நிற்கும். வறுக்கிற முறையிலும் பிழை. குறைந்த சூட்டில் இரவு முழுக்க வைத்தால் ஈரம் போகும், வறுபடாது. மல்லி சிவக்கிற நேரம் வேறு, மிளகாய் மொறுகிற நேரம் வேறு, பெருஞ்சீரகம் வெடிக்கிற நேரம் வேறு. வெந்தயத்தில் ஒரு நிமிடம் பிந்தினால் முழுத் தூளும் கைக்கும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டால் எதுவும் அதனதன் இடத்துக்கு வராது.

ஆனாலும் மஞ்சள் அவ்வளவு கூடியதற்குக் காரணம் உண்டு. அரைத்த தூள் போத்தலுக்குள் மாதக்கணக்கில் இருந்தால் மல்லியின் மணமும் ஏலத்தின் மணமும் கழன்றுவிடும். மஞ்சளின் நிறம் போகாது. கடையில் போத்தலைத் தூக்கிப் பார்க்கிறவர் மூக்கால் வாங்குவதில்லை, கண்ணால்தான் வாங்குகிறார். நிறமே சரக்கானதும் கலப்படம் தொடங்கியது. 1850களில் ஆர்தர் ஹில் ஹசல் என்ற வைத்தியர் லண்டன் கடைகளில் வாங்கிய உணவுப் பொருட்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது, கறித்தூளில் சிவப்பு ஈயம்கூட அகப்பட்டது. மிளகாய்த்தூளுக்கு நிறமூட்டப் போட்டது கறித்தூளுக்குள்ளும் வந்திருந்தது.

சட்டிக்குள் நடந்ததும் இதே கதை. தேங்காய்ப்பால் இல்லாததால் குழம்பு தடிக்கவில்லை; கோதுமை மாவைத் தூவினார்கள். பழப்புளி இல்லாததால் புளித்த அப்பிளை வெட்டிப் போட்டார்கள். கறிவேப்பிலைக்கு மாற்று எதுவும் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள். அசலை விரும்பியவர்களுக்கு அசலும் இருந்தது: 1810இல் தீன் முகமது என்ற பாட்னாக்காரர் லண்டன் ஜோர்ஜ் வீதியில் ஹிந்துஸ்தானி கோப்பிக் கடை திறந்து, ஹூக்காவும் பிரம்பு நாற்காலியும் போட்டு, இந்தியச் சாப்பாடு கொடுத்தார். 1812இல் கடன்பட்டுப் போனார். அந்தச் சாப்பாட்டின் அருமை தெரிந்த பழைய கொம்பனிக்காரர் வீட்டிலேயே சமைப்பித்துச் சாப்பிடுவார்கள். தெரியாதவர்களுக்கு அவ்வளவு காசு கொடுக்க மனமில்லை. போத்தல் கறித்தூள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பெரிய கூட்டத்துக்குப் போனது.

அடுத்தது சால்வை. இதற்குத் திருமலையிலேயே ஒரு முனை இருக்கிறது. பழைய எஸ்பிளனேட் மயானத்தில் ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்ரினின் கல்லறை. நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. கிழக்கிந்தியக் கடற்பகுதிக்குத் தளபதியாக இருந்தவர், இரண்டாவது பர்மாப் போரில் 1852 ஒக்டோபர் 7 அன்று ஐராவதி ஆற்றில் செத்தார், இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அக்கா 1814இல் வெளியிட்ட நாவலில் சோபாவை விட்டு அசையாத ஒரு பெரியம்மா வருவார். கடற்படையில் இருக்கும் பையன் கிழக்கிந்தியாவுக்குப் போனால் நல்லது, எனக்குச் சால்வை வரும் என்பார். பிறகு யோசித்து, ஒன்றல்ல இரண்டு எடுக்கலாம் என்பார். கடற்படையில் பிள்ளை இருந்த வீடுகளில் பேரரசு இப்படித்தான் பேசப்பட்டது. பாசல் வரும் வழி!

அந்தச் சால்வை காஷ்மீரில் நெய்தது. லடாக், திபெத் பக்கத்து ஆடுகளின் அடிமயிரை எடுத்து நூற்று, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்ன மரக்குச்சி வைத்து, அந்த நிறம் வருகிற துண்டுக்குள் மட்டும் குச்சியை ஓட்டி, பக்கத்து நிறத்தோடு கோர்த்துக் கோர்த்து நெய்வார்கள். நல்ல சால்வை ஒன்றுக்கு ஒரு வருடத்துக்கு மேல் போகும். வேறிடங்களில் தங்கம் கேட்கிற இடத்தில் இங்கே சால்வை கேட்டார்கள்: 1846 அமிர்தசரஸ் உடன்படிக்கையில் காஷ்மீர் மகாராசா பிரித்தானியருக்கு வருடாவருடம் கட்டவேண்டிய திறை ஒரு குதிரை, 12 ஆடு, மூன்று சோடி சால்வை.

அசல் எத்தனை பேருக்குக் கட்டும்? ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோவுக்குப் பக்கத்துப் பெயிஸ்லி என்ற நெசவூர் 1805 அளவில் அதை நகலெடுக்கத் தொடங்கியது. அவர்களுடைய வழி வேறு. நிற நூலை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முழுக்க ஓட்டுவார்கள். தேவைப்படும் இடத்தில் மட்டும் அது முகப்புக்கு வரும், மற்ற இடமெல்லாம் பின்பக்கத்தில் தொங்கும். முதலில் இழை இழுக்க ஒரு பையன் தறிக்குப் பக்கத்தில் நிற்பான். பிறகு துளையிட்ட அட்டைகளால் ஓடும் ஜக்கார்ட் தறி வந்து பையனின் வேலை போனது. நெய்து முடித்த சால்வையின் பின்பக்கம் நூல் காடாய் இருக்கும், பாரமும் தாங்காது. அதை இயந்திரத்தில் கொடுத்துச் சிரைப்பார்கள். நெய்ததில் பெரும்பங்கு நூல் குப்பைக்குப் போகும்.

பிழை வருவது அங்கேதான். சிரைத்த நூலின் நுனிகள் எங்கும் கட்டுப்படவில்லை. தோளில் உரசி உரசி ஒவ்வொன்றாய்க் கழன்று, பூ அங்கங்கே மொட்டையாகும். அசலா நகலா என்று பார்க்க இன்றைக்கும் இதுதான் வழி: சால்வையைத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கமும் கிட்டத்தட்ட முன்பக்கம் மாதிரி ஒழுங்காக இருந்தால் காஷ்மீர். வெட்டின மயிர் மாதிரி இருந்தால் பெயிஸ்லி.

வாங்குகிறவர் திருப்பிப் பார்த்ததை விட முகர்ந்து பார்த்ததுதான் அதிகம். காஷ்மீர்ச் சால்வைக்குப் பூச்சி வராமலிருக்க இடையிடையே ஒரு காய்ந்த இலை வைத்து அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் பச்சூலி, தமிழ்ச் சொல்லிலிருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. அந்த மணம் இருந்தால் சால்வை இந்தியாவிலிருந்து வந்தது என்று சீமாட்டிகள் நம்பினார்கள். நகல் செய்தவர்களுக்கு இது பிடிபட்டதும் இலையை இறக்குமதி செய்து தங்கள் சால்வைக்கும் மணமேற்றினார்கள். பிறகு சால்வையை விட்டுப் பச்சூலி தனி வாசனைத் திரவியமாகவே விற்றது. பூச்சி மருந்து அத்தரான கதை.

1842இல் விக்ரோறியா மகாராணியே பெயிஸ்லிச் சால்வை வாங்கினார், அதன் பிறகு இன்னும் ஓடியது. பிறகு துணியில் பூவை அச்சடித்து இன்னும் மலிவாக விற்றார்கள், வேலைக்காரப் பெண்ணும் போட்டாள், எசமானி கழற்றிவிட்டாள். 1870 வாக்கில் பாவாடையின் பின்பக்கம் மட்டும் தூக்கி நிற்கும் நாகரிகம் வர, விரித்துப் போட்ட சால்வை அதன் மேல் படியவில்லை, தொழில் படுத்தது. அந்தக் கோலத்துக்கு மட்டும் ஸ்கொட்லாந்து ஊரின் பெயர் நிலைத்துவிட்டது. சேலைக் கரையில் அதைக் கண்டால் நாங்கள் மாங்காய் என்போம், அவர்கள் பெயிஸ்லி என்பார்கள்.

படம் காட்டும் தொழிலுக்கு வருவோம். சினிமாவுக்கு நூறு வருடம் முந்தியது. ரொபர்ட் பார்க்கர் 1787இல் உரிமம் எடுத்து, 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டக் கட்டடம் கட்டினார். பனோரமா என்று பெயர். பெரிய வட்டத்தின் விட்டம் சுமார் 90 அடி. உள்ளே சுவர் முழுக்கச் சுற்றி ஒரே ஓவியம்.

வித்தை ஓவியத்தில் பாதி, கட்டடத்தில் பாதி. வருகிறவர் முதலில் இருட்டு நடையால் போகவேண்டும். வெளிவெளிச்சத்தின் அளவு கண்ணுக்கு மறந்துபோகும். பிறகு படி ஏறி நடுவில் உள்ள மேடைக்கு வருவார். தலைக்கு மேல் குடை மாதிரி ஒரு கூரை, கூரைக் கண்ணாடியையும் துணியின் மேல்விளிம்பையும் மறைக்கும். மேடையின் ஓரம் கீழ்விளிம்பை மறைக்கும். சட்டகம் கண்ணில் படாது. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாதபோது கண் தோற்றுவிடும். கைபிடிக் கம்பி வைத்தது விழாமலிருக்க மட்டுமில்லை. நடுவை விட்டு நகர்ந்தால் கோடுகள் கோணலாகத் தெரியும். வளைந்த துணியில் கண்மட்டத்துக் கோடு மட்டும்தான் நேராய் வரும், அதற்கு மேலும் கீழும் உள்ள கூரை, மதில், கரை எல்லாவற்றையும் வளைத்துத்தான் வரையவேண்டும்.

கெடுவதற்கும் இடங்கள் இருந்தன. கீழே பாரம் கட்டி இழுத்தால் துணி சுருக்கமில்லாமல் நிற்கும், ஆனால் நடுப்பகுதி உள்ளுக்கு வளைந்து உடுக்கை மாதிரி ஆகும். அந்த வளைவையும் கணக்கில் எடுக்காவிட்டால் தொடுவானம் பார்ப்பவரை நோக்கித் தள்ளும். வெளிச்சம் வானத்திலிருந்து மட்டும்தான். லண்டனில் மாரிகாலத்து நிலக்கரிப் புகைமூட்டத்தில் வெப்பவலயத்துச் சூரியனை யார் நம்புவார்?

இந்தியா இந்தத் தொழிலுக்கு வாய்த்த சரக்கு. 1799 மே 4 சீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு செத்தார். அடுத்த வருடமே ரொபர்ட் கெர் போட்டர் என்ற இளைஞர் லண்டன் லைசியம் மண்டபத்தில் அந்த முற்றுகையை 120 அடி நீளத் துணியில் காட்டினார். வரைந்து முடிக்க ஆறு வாரம். ஆள் இந்தியாவைக் கண்டதில்லை. ஆனாலும் கூட்டம் முண்டியடித்தது. படையை நடத்திய அதிகாரிகளின் முகங்களை மட்டும் அடையாளம் தெரியும்படி வரைந்திருந்தார்; போரை அறிய வந்தவர்களை விட அந்த முகங்களைத் தேடி வந்தவர்கள் கூட என்று ஊகிக்கலாம். (அந்தப் போருக்குப் பின் சீரங்கப்பட்டணத்தை நிர்வகித்த ஆர்தர் வெல்ஸ்லி, பிற்பாடு வெலிங்டன் கோமகன், 1800 கடைசியில் படை திரட்டத் திருமலையில் வந்து நின்றவர். பிரட்றிக் கோட்டைக்குள் அவர் பெயரால் அழைக்கப்படும் வீடு இன்றும் இருக்கிறது.) லெஸ்டர் சதுக்கத்தில் பிறகு ரொபர்ட் பர்போர்ட் இதையே தொழிலாக நடத்தினார்: 1842இல் காபூல், 1857 கிளர்ச்சி ஓயுமுன்னரே 1858இல் டெல்லி, அதே வருடம் இலக்னோ. ஒரு சிலிங். துணி விலை கூடியதால் பழைய ஊருக்கு மேலேயே புதிய ஊரை வரைவார்கள், அதனால்தான் அவருடைய பெரிய துணிகள் நமக்குக் கிடைக்கவில்லை. கட்டடம் 1860களில் தேவாலயமாக மாறியது.

சீரங்கப்பட்டணத்திலிருந்து அசலாகவே ஒரு பொருள் வந்து சனத்தின் கைக்குப் போனதும் உண்டு. திப்புவின் மரப்புலி, வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் பாய்ந்தபடி. 1808 முதல் கொம்பனியின் லண்டன் தலைமையகத்தில் யாரும் பார்க்கலாம், கைபிடியைச் சுற்றினால் புலி உறுமும், மனிதன் முனகிக் கை தூக்குவான். பக்கத்து வாசிகசாலையில் படிக்க வந்தவர்களுக்குத் தலைவலி. தங்களைக் கேலி செய்யச் செய்த பொம்மையைத் தாங்களே வரிசையில் நின்று சுற்றி மகிழ்ந்தார்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

தேயிலையைப் பற்றி எழுதாத இலங்கையர் இல்லை, அதனால் ஒரு வரி போதும்: 1890இல் லிப்டன் மலைநாட்டில் தோட்டம் வாங்கி, நிறுத்துக் கட்டிய சிறு பொதிகளில் விற்றதும், விளம்பரத்தில் தமிழ்ப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியதும்தான் இங்கே பொருந்தும். தேங்காயைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

கொழுப்பில் செய்த மெழுகுதிரி ஏழைகளின் விளக்கு. நாறும், உருகி வழியும், திரியை அடிக்கடி கத்தரிக்கவேண்டும். நேராய் நிற்கும் திரியின் நுனி சுடரின் நடுவில், காற்று எட்டாத இடத்தில் இருப்பதால் எரியாமல் கரியாக வளர்ந்து புகை தள்ளும். தேன்மெழுகு நல்லது, ஆனால் பணக்காரருக்கு. 1829இல் தேங்காய் எண்ணெயின் இறுகும் பகுதியைப் பிரிக்க ஒரு உரிமம் வந்தது. அதை வாங்கி வில்லியம் வில்சனும் பெஞ்சமின் லங்காஸ்டரும் 1830இல் லண்டனில் தொழிற்சாலை தொடங்கினார்கள். மெழுகுதிரி வியாபாரம் கௌரவக் குறைவு என்று தங்கள் பெயரைப் போடாமல் பிறைஸ் என்று வேறு பெயர் போட்டார்கள். இலங்கையில் 1,000 ஏக்கர் தென்னந்தோட்டமும் எடுத்தார்கள்.

தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையும். திருமலையில் போத்தலுக்குள் உறைந்து காண்பது அரிது, நுவரெலியாவில் தினமும் காணலாம். லண்டன் குளிரில் முழுதும் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியை அழுத்தினால் இளகிய பகுதி வடிந்து, கெட்டியான பகுதி மிஞ்சும். அது தனியே நின்றாலும் திரிக்குப் போதாது, மெதுமை, வெயிலில் வளையும். 1840இல் அதே தொழிற்சாலையில் தீர்வு கண்டார்கள்: மிருகக் கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டியரிக் அமிலத்தோடு தேங்காய்க் கெட்டியைக் கலந்தார்கள். இறுகியது, நாற்றம் போனது. பின்னல் திரியும் சேர, எரியும்போது திரி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வந்து தானே எரிந்து சாம்பலாகும்; கத்தரிக்கோல் தேவையில்லை. ஒன்று ஒரு பென்னி. 1840 பெப்ரவரி 10 விக்ரோறியாவின் திருமணம், அன்றிரவு யன்னலில் விளக்கேற்றுவது வழக்கம். திருமணத்துக்கென்றே அந்தத் திரியை இறக்கினார்கள். லண்டன் தெருக்களில் இராசவிசுவாசம் பாதி தேங்காயில் எரிந்தது.

விளையாட்டுப் பெட்டிக்குள் பேரரசு கடைசியாகத்தான் வந்தது. ஈயச் சிப்பாய் அதுவரை ஜேர்மன் சரக்கு, முழு ஈயம், பாரம், விலை. 1893இல் வில்லியம் பிரிட்டன் குடும்பம் உள்ளே வெறுமையான சிப்பாயை வார்க்கத் தொடங்கியது. இரண்டு பாதியாய்த் திறக்கும் உலோக அச்சை மூடி, ஈயத்தோடு அந்திமனி கலந்த உருக்கை ஊற்றி, கையில் சுழற்றி, உடனே கவிழ்த்துவிடவேண்டும். அச்சைத் தொட்ட ஓரம் தோலாய் இறுகி நிற்கும், நடுவில் உள்ளது திரும்பக் கலத்துக்குள் போகும். அச்சு குளிர்ந்திருந்தால் உருக்கு துப்பாக்கி நுனி வரை போகாமல் இறுகும். கூடச் சூடாயிருந்தால் தோல் பிடிக்காமல் முழுவதும் வெளியே ஓடும். பிந்திக் கவிழ்த்தால் முழு ஈயப் பொம்மைதான் மிஞ்சும், இலாபம் போச்சு. கணக்கு முழுக்க வார்ப்பவரின் கையில்.

உயரம் 54 மில்லிமீற்றர். காலாட்படை எட்டு அல்லது குதிரைப்படை ஐந்து கொண்ட பெட்டி ஒரு சிலிங். 1890களின் இரண்டாம் பாதியில் மதராஸ், வங்காளக் குதிரைப்படைகளும் எகிப்திய ஒட்டகப்படையும் வந்தன. ஒரே குதிரை அச்சைப் பல படைக்கும் பயன்படுத்தி, ஆளையும் நிறத்தையும் மாற்றினார்கள். சமவெளிக் கிராமத்துக் குதிரைக்காரனும் லண்டன் காவற்படைக்காரனும் ஒரே விலையில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் கிடந்தார்கள். தோல் மெல்லியதால் கழுத்து முறிவது வழக்கம். உள்ளே வெறுமை என்பதால் ஒரு நெருப்புக்குச்சியைச் செருகித் தலையைத் திருப்பி மாட்டலாம்.

பாட்டைப் பற்றியும் கொஞ்சம். 1878இல் இரசியாவோடு போர் வரலாம் என்றிருந்தபோது மக்டெர்மொட் என்ற பாடகர் லண்டன் பவிலியனில் பாடிய ஒரு பாட்டின் 'ஜிங்கோ' என்ற சத்தியவார்த்தையிலிருந்து ஜிங்கோயிசம் என்ற சொல்லே பிறந்தது. சனம் எல்லாம் போருக்குத் துள்ளியது என்பதற்கு இதை ஆதாரம் காட்டுவார்கள். ஆனால் அதே காலத்தில் ஹேர்பர்ட் கம்பெல் என்ற நகைச்சுவைப் பாடகர் அதை அப்படியே கவிழ்த்து, எனக்குச் சண்டைக்குப் போக விருப்பமில்லை என்று பாடிக் கைதட்டு வாங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மண்டபத்தில் இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான் காசு கொடுத்தார்கள்.

வரலாற்றாசிரியர் சண்டையும் இங்கேதான். சாதாரண பிரித்தானியர் பேரரசில் ஊறிக் கிடந்தார்கள் என்பார் ஜோன் மக்கென்சி. பெரும்பாலானவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பார் பேர்னார்ட் போட்டர். இரண்டையும் ஒரு மெழுகுதிரிக்குக் கீழே வைத்துப் பார்த்தால் சண்டை பாதி குறைந்துவிடும். அதை ஏற்றியவர் இலங்கையைக் கவனித்திருக்கத் தேவையில்லை. திரி எரிந்ததா என்று பார்த்தால் போதும். கவனிக்காமலே பயன்படுத்தக்கூடியதாய் ஆக்கித் தருவதுதான் நகல் செய்தவர்களின் கெட்டித்தனம். மக்கென்சி பொருளை எண்ணுகிறார், போட்டர் மனதைத் தேடுகிறார். எனக்கு மக்கென்சி பக்கம் கொஞ்சம் சாய்வு, ஆனால் போட்டரின் கேள்வி இல்லாமல் மக்கென்சியை வாசித்தால் ஒவ்வொரு பிஸ்கட் பேணிக்குள்ளும் சதி தெரியத் தொடங்கும்.

நமது பெயரை வைத்துக்கொண்டு ஒரு கப்பல் இன்னும் மிதக்கிறது. எச்.எம்.எஸ். ட்ரின்கோமலி. அதன் வரைபடம் 1782இல் பிடித்த ஒரு பிரெஞ்சுக் கப்பலின் நகல். அந்த வரைபடத்தின் பிரதி ஒன்றைப் பம்பாய்க்குக் கொண்டுபோன கப்பலை 1812 டிசெம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர் பிடித்துக் கொளுத்த, இன்னொரு பிரதி எடுத்து அனுப்பவேண்டி வந்தது. ஓக் மரத்துக்கான கணக்கைத் தேக்கில் கட்டியவர் பார்சி மேத்திரி ஜம்சட்ஜி பொமன்ஜி வாடியா. 1816இல் அடிமரத்தில் தங்கள் வழக்கப்படி வெள்ளி ஆணி அடித்துத் தொடங்கி, 1817 ஒக்டோபர் 12இல் தண்ணீரில் இறக்கினார். கப்பல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நெப்போலியனோடு போர் முடிந்து வருடங்களாகியிருந்தன, கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா கட்டிக் கிடந்தது. பிறகு சேவை செய்த இரண்டு தவணையும் வேறு கடல்களில்: ஒன்று வட அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், மற்றது பசிபிக். 1897இல் உடைக்க விற்று, மீட்டு, பூட்றொயன்ட் என்று பெயரையும் மாற்றிப் பையன்களுக்குக் கடற்பயிற்சி கொடுத்தார்கள். 1987இல் ஹார்ட்டில்பூல் துறைக்கு இழுத்து வந்து திருத்தத் தொடங்கி, 1992இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேக்கு என்பதால் அடிப்பாகத்தில் பெரும்பங்கு இன்னும் வாடியா வைத்த மரம்தான். காசு கொடுத்து ஏறிப் பார்க்கலாம்.